நடு அடுக்கு இல்லாத வளாகம்

மார்ச் 3, செவ்வாய்

வாயைப் பொத்திக்கொண்டு இருந்தது போதும். பதினோரு மாதம். இனி இந்த நோட்டிலாவது கொட்டுகிறேன்.

கல்லூரியின் ஒன்பது கட்டடங்களுக்கும், தொலைபேசிக்கும் கணினிக்கும் சேர்த்து, ஒரே வலையமைப்பு கேட்டார்கள். நான்கு மாதம் உட்கார்ந்து மூன்று அடுக்காக வரைந்தேன். அறைகளில் கம்பிகளை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டி, கட்டடத்துக்கு ஒன்றாக நடுவில் வழி பிரிக்கும் ரூட்டர், எல்லாம் வந்து சேரும் மையம். பேச்சுக்குத் தனிப் பாதை, முதல் உரிமை. ஒரு கட்டடத்தில் கோளாறு வந்தால் அதன் வாசலைத் தாண்டாது.

மாப்பிள்ளை (முதல்வரின் மருமகன், வேறு தகுதி இல்லாததால் வேறு பெயரும் வைக்கவில்லை) படத்தைப் பத்து விநாடி பார்த்தான். "நடுவுல எதுக்கு சார் புரோக்கர்? நேரா இழுத்துடலாம்."

முதல்வர் சிரித்தார். உடனே அறையே சிரித்தது. நடு அடுக்கு போனது. எனக்கு வர வேண்டிய துறைத் தலைவர் நாற்காலியும் அவனுக்கே போனது.

மார்ச் 5

இன்றைய கூத்து: போனைச் செருகினால் உயிர் வர அரை நிமிடம் ஆகிறதாம். யாராவது கம்பியைச் சுற்றாகச் செருகிவிட்டால் செய்தி அதிலேயே சுற்றிப் பெருகி வலை முழுதும் நின்றுவிடும்; அந்த வழியை அடைக்கக் கருவிக்குள் ஒரு காவல் உண்டு. அந்த அரை நிமிடம் அது சோதிக்கும் நேரம். மாப்பிள்ளை காவலையே நிறுத்திவிட்டான்.

"பாத்தீங்களா, பட்டுன்னு வருது!"

பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் வயிற்றெரிச்சல் என்பான். எரியவில்லையா? எரிகிறதுதான். அதனால் என் படம் தப்பாகிவிடுமா?

மார்ச் 6

முதல்வர் அவனைப் பாராட்டிச் சுற்றறிக்கை. இரண்டு பத்தி, மூன்று எழுத்துப்பிழை.

மார்ச் 10

காலை பதினொன்று இருபதுக்கு எல்லாம் செத்தது. ஒன்பது கட்டடத்திலும் போன் இல்லை, கணினி இல்லை. நாற்பது நிமிடம்.

வேதியியல் ஆய்வகம் அடித்தளத்தில். அங்கே செல்போன் எடுக்காது. சுவர் போன் ஒன்றுதான் கதி. உதவியாளர் கையில் அமிலம் கொட்டியிருக்கிறது. போனில் மூச்சுப் பேச்சில்லை. வெந்த கையோடு இரண்டு மாடி ஏறி வந்து கத்தியிருக்கிறார்.

கட்டடம் கட்டடமாக ஓடி நூலகத்தில் கண்டுபிடித்தேன். போனிலிருந்து கணினிக்குப் போக வேண்டிய கம்பி, சுவரில் இன்னொரு துளையில் இருந்தது. ஒரே போனின் இரண்டு கம்பியும் சுவருக்குள். சுற்று.

"கீழ கிடந்துது சார்," என்றார் நூலக எழுத்தர் அம்மா. "கால் தட்டுதேன்னு சொருகினேன்."

மார்ச் 12

நூலக எழுத்தர் அம்மாவைத் தற்காலிக நீக்கம் செய்துவிட்டார்கள். விசாரணை அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. மாப்பிள்ளையின் அறிக்கை ஒரே வரி: 'பயன்படுத்தியவரின் கவனக்குறைவு.' அடடா, என்ன ஆராய்ச்சி!

வாசலில் அந்த அம்மா என்னை நிறுத்தினார். "ஒரு ஒயர சொருகினா ஒன்பது கட்டடமும் சாகுமா சார்? அப்படி என்ன ஒயர் அது?"

இத்தனை பட்டதாரிகள் இருக்கும் வளாகத்தில் சரியான கேள்வி கேட்டது அவர் ஒருவர். நான்? 'பாக்கலாம்மா' என்று நழுவினேன். சீ.

மார்ச் 15, ஞாயிறு

விசாரணைக் குழுவில் வெளியாள் ஒருவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற பொறியாளர். அவருக்குக் கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். மனைவியிடம் படித்துக் காட்டினேன்.

"மூணரை பக்கம் மாப்பிள்ளையத்தான் திட்டியிருக்கீங்க. அந்தம்மா எங்கே?"

"பின்னணி சொல்ல வேண்டாமா?"

"உங்க கோவத்துக்கு அவங்கள சாக்கு ஆக்காதீங்க."

இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போய்ப் படுத்தாயிற்று. யார்? நான்தான்.

மார்ச் 16

கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். நாற்காலி இல்லை, சிரிப்பு இல்லை, மருமகன் இல்லை. இரண்டு படம்: வரைந்தது, போட்டது. காவல் நிறுத்தப்பட்ட தேதியும் நேரமும், கருவியின் பதிவிலிருந்து. அந்த அம்மாவின் கேள்வி, அவர் சொன்னபடியே. கடைசியில் ஒரு வரி: 'காவலை நிறுத்தியதை இன்னொரு பொறியாளரும் பார்த்தார், பேசாமல் இருந்தார்.' அதை இரண்டு முறை அடித்தேன். மூன்றாம் முறை விட்டுவிட்டேன்.

ஒரு பக்கம்தான் வந்தது.

கையெழுத்துப் போடப் பேனா எடுத்தேன். போட்டால்? 'ஓ, அவரா, நாற்காலி கிடைக்காதவர்' என்பார்கள். படத்தைப் பார்க்க மாட்டார்கள். பயமும் உண்டு, இல்லை என்று இங்கே எழுதி யாரை ஏமாற்ற?

பெயரில்லாமலே போகட்டும். நாளைக் காலை முதல் தபாலில்.