மணி கட்டாத தூணைப் பற்றிக் கீழ்க்கரைக் கோட்டத் தலைவருக்கு

ஏரி நிறைக, கரை நிலைக்க, கற்றவர் வாய் அடைபடாதிருக்க. மருதவள நாட்டை ஆளும் பேரரசர் திருமுடிக்காரியாரின் அறநூல் நாயகமும், நாட்டிலுள்ள கல்விக்கூடங்கள் அனைத்தின் வழக்குகளையும் கேட்டுத் தீர்க்கும் பொறுப்புடையவருமாகிய கீரந்தேவன், கீழ்க்கரைக் கோட்டத்தின் தலைவரும், மூன்று துறைமுகங்களின் காவலரும், நம் பேரரசரின் நெடுநாள் நண்பருமாகிய வேள் மாவலியாருக்கு எழுதும் ஓலை. தங்கள் கோட்டமும், தங்கள் யானைகளும், அண்மையில் நனைந்துபோன தங்கள் யானைக்கொட்டிலும் நலமென்று நம்புகிறோம்.

தங்கள் ஓலை வந்தது. கீழ்க்கரைக் கல்விக்கூடத்தில் ஒன்பது ஆசிரியர் இருக்கைகளில் ஒன்றைச் செலவுச் சுருக்கம் கருதித் தாங்கள் நீக்கிவிட்டதாகவும், இருக்கை குறைந்தால் பணியில் இளையவரே வெளியேற வேண்டும் என்பது சட்டமாதலால், நீர்க்கணக்கு ஆசிரியை நெடுஞ்சாத்தியை விலக்கும் ஆணைக்கு நம் முத்திரை வேண்டுமென்றும் அதில் கண்டிருந்தது. சட்டத்தைத் தாங்கள் இவ்வளவு ஆர்வத்தோடு படித்திருப்பது எமக்குப் பெருமகிழ்ச்சி. பாதியில் நிறுத்திவிட்டீர்கள் என்பது மட்டுமே வருத்தம். மீதியை விளக்குவது எம் கடமை; மறைப்பானேன், எமக்கு அது விருப்பமான வேலையும்கூட.

ஆசிரியரை விலக்குவது ஏன் இவ்வளவு கடினம் என்று தாங்கள் முன்னொரு ஓலையில் சலித்துக்கொண்டீர்கள். முன்னொரு காலத்தில் அது மிக எளிதாக இருந்தது. முடிசூட்டு விழாவன்று கிரகணம் வரும் என்று சொன்ன வானநூல் ஆசிரியரை, கிரகணம் வந்த குற்றத்துக்காக ஒரு மன்னர் நாடு கடத்தினார். அடுத்து வந்த ஆசிரியர் கிரகணம் என்ற ஒன்றே கிடையாது என்று கற்பித்து, முதுமை வரை சுகமாக வாழ்ந்தார். அவரிடம் பயின்ற மாலுமிகள் அவ்வளவு சுகமாக வாழவில்லை. அதன்பிறகுதான் விலக்கலுக்கு மூன்று வாசல்கள் வைக்கப்பட்டன: குறையை ஆசிரியரின் முகத்துக்கு நேரே வாசிக்க வேண்டும், திருத்திக்கொள்ள ஒரு மழைக்காலம் தரவேண்டும், அதன்பின்னும் குறை நின்றால் உடன் ஆசிரியர்கள் கேட்டு முடிவுசெய்ய வேண்டும். முதல் வாசலில் ஒரு சிறு தாழ்ப்பாளும் உண்டு. தேர்வில் தோற்ற மாணவனின் தந்தை, அதே தேர்வில் மகன் தேறும் வரையில், அந்த ஆசிரியர்மேல் குறை சொல்ல முடியாது. தங்கள் மகன் கொற்றன் நீர்க்கணக்கில் தோற்ற மறுநாள் தாங்கள் அனுப்பிய குறையோலை திரும்பி வந்தது இதனால்தான்.

அந்தத் தேர்வையும் விசாரித்தோம். தோட்டத்துக்குப் போகவேண்டிய நீரைக் கணக்கிட்டு மதகைத் திறப்பதே தேர்வு. நீர் தங்கள் யானைக்கொட்டிலுக்குப் போயிற்று. ஆசிரியை பகையால் தோற்கடித்தாரா என்று கொற்றனைக் கேட்டதற்கு, “அவங்க ஒண்ணும் பண்ணலைங்க. நான்தான் மதகுத் திருகை மாத்திச் சுத்திட்டேன். யானையெல்லாம் குளிச்சிடுச்சு, அதுங்களுக்கு சந்தோஷம்தான்” என்றான். இதைத் தங்களிடம் சொல்லவேண்டாம் என்றும் வேண்டிக்கொண்டான். ஆகவே இந்தப் பகுதியைத் தாங்கள் வாசித்ததாகக் காட்டிக்கொள்ளாதிருக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

முதல் வாசல் மூடியிருந்ததால் தாங்கள் இருக்கையையே நீக்கிப் பின்கட்டு வழியாக நுழைந்தீர்கள். திறமையான வழி, அதனைப் பாராட்டாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. இருக்கை குறையும்போது பணிமூப்பைப் பார்ப்பதே, யாரை அனுப்பலாம் என்று எவருடைய கண்ணும் தேடக்கூடாது என்பதற்காகத்தான். நல்லவரா, தீயவரா, நமக்குப் பிடித்தவரா என்ற பேச்சே எழாது, வரிசை பேசும். வரிசை சில நேரம் நல்ல ஆசிரியரையும் வெளியே அனுப்பிவிடும் என்பது உண்மை. நெடுஞ்சாத்தி எம்முன் நின்றபோது, “வரிசைப்படி நான்தான்னா போறேங்க. ஆனா பள்ளிக்கூடத்து வீட்டை விட்டா எனக்குத் தலைசாய்க்க இடமில்ல. மதகு பாக்கத் தெரிஞ்சவங்களும் அங்க வேற யாரும் இல்ல. அடுத்த மழைக்குள்ள யாருக்காவது சொல்லிக் கொடுத்திட்டுப் போறேனே” என்று மட்டும் கேட்டார். அவரிடம் எம்மால் இரக்கம் காட்ட இயலாது. இரக்கத்துக்குச் சட்டத்தில் இடம் வைக்கவில்லை. ஆகவே வரிசையைத்தான் எண்ணினோம்.

இங்கேதான் தாங்கள் படிப்பதை நிறுத்திய இடம் வருகிறது. பணிமூப்பு எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது? ஆசிரியர் கூடத்துக்குள் காலடி வைத்த நாளிலிருந்து என்றுதான் ஆதியில் இருந்தது. கருவூலத் தலைவர் ஒருவர், தொட்டிலில் கிடந்த தன் பேரனை இலக்கண ஆசிரியராக நியமித்தார். குழந்தை நடக்கப் பழகும் முன்பே கூடத்தில் பாதிப்பேருக்கு மூத்தவராகிவிட்டது. அதற்குப் பின் விதி மாறியது. மாணவர் ஒருவர் பாடத்தில் ஒரு கேள்வி கேட்டு, ஆசிரியர் அதற்கு விடை சொல்லும் நாளே பணியின் முதல் நாள். அன்று கேட்ட மாணவரே, ஆசிரியர் சாய்ந்தமர்ந்து கற்பிக்கும் தூணில் ஒரு சிறு மணியைக் கட்டவேண்டும். கேள்வி வராத ஆசிரியர் எத்தனை ஆண்டு அமர்ந்திருந்தாலும் அவர் கூடத்துக்கு வந்த விருந்தாளியே. விருந்தாளி யாவருக்கும் இளையவர்.

நெடுஞ்சாத்தியின் முதல் வகுப்பில், அவர் உட்காரும் முன்பே ஒரு சிறுமி, “அக்கா, தண்ணி ஏன் மேட்டுக்கு ஏற மாட்டேங்குது?” என்று கேட்டுவிட்டாள். அவரும் விடை சொன்னார், மணி அன்றே ஏறியது. எம் ஆட்கள் கூடத்தின் தூண்களைச் சுற்றிப் பார்த்ததில், எட்டுத் தூண்களில் மணி இருந்தது. ஒன்பதாவதில் ஒரு சிட்டுக்குருவிக் கூடு இருந்தது. அது தருக்கம் கற்பிக்கும் அளவைநூல் ஆசிரியரும், தங்கள் தேவியாரின் தந்தையும், தாங்களே அந்த இருக்கையில் அமர்த்தியவருமாகிய பெருந்தும்பியாரின் தூண்.

மணி எங்கே என்று கேட்டதற்குக் கூடத்துக் காவலர், “பெரியவரு தூங்குறப்ப சத்தம் ஆகக்கூடாதுன்னு யாரோ மரியாதைக்குக் கழட்டி வச்சிருக்காங்கன்னு நெனச்சோம்” என்றார். எல்லாரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். ஆண்டாண்டாக அந்தத் தூணைக் கடக்கும்போது ஆசிரியர்கள் தம் செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துச் சென்றிருக்கிறார்கள். மாணவர் யாரும் குறை சொல்லவில்லை. கூடத்திலேயே அவர்களுக்கு மிகவும் பிடித்த வகுப்பு அதுதான்.

தங்கள் மாமனாரின் சார்பில் வழக்குரைஞர் சேந்தன் வந்து வாதாடினார். ஒரு கேள்வி கேட்கப்பட்டதுண்டு என்று சொல்லி, பழைய மாணவரும் இப்போது உப்பு விற்பவருமாகிய ஓணனைச் சாட்சியாக நிறுத்தினார். ஓணன் சொன்னது: “கேட்டேனுங்க. ஐயா, தூங்கிட்டீங்களான்னு கேட்டேன். குறட்டைதான் வந்துச்சு. சரி, தூங்கிட்டாருன்னு நாங்க மாங்கா அடிக்கப் போயிட்டோம்.”

இதைக் கேட்டு மன்றம் சிரித்தது, சேந்தன் சிரிக்கவில்லை. அளவைநூல் என்பது அடையாளத்தைக் கண்டு பொருளை அறியும் கலையல்லவா என்றார். புகையைக் கண்டு நெருப்பை அறிவது போல, குறட்டையைக் கேட்டுத் தூக்கத்தை அறிந்தான் மாணவன். கேள்வியும் பாடத்துக்குள் இருக்கிறது, விடையும் பாடத்துக்குள் இருக்கிறது, இதைவிடத் தெளிவாக அந்நூலை எந்த ஆசிரியர் கற்பித்தார் என்று கேட்டார். உண்மையைச் சொன்னால், எம் வாழ்நாளில் கேட்ட வாதங்களில் இது மிக அழகானது. அதை முழுவதுமாக இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டோம்.

ஆயினும் தீர்ப்பு வேறு. விதியில் விடை சொல்பவர் ஆசிரியர் என்று இருக்கிறது. ஓணனின் வழக்கில் கேட்டவனும் மாணவன், ஆராய்ந்தவனும் மாணவன், முடிவுக்கு வந்தவனும் மாணவன். புகை நெருப்பைக் காட்டுகிறது என்பதற்காக அடுப்புக்கு யாரும் ஆசிரியர் பட்டம் கொடுப்பதில்லை. வேண்டுமானால் அந்த மணியை ஓணன் தன் உப்பு வண்டியில் கட்டிக்கொள்ளலாம் என்றோம்.

இனியாவது ஒரு மாணவரைக் கொண்டு பெருந்தும்பியாரிடம் நல்ல கேள்வியாகக் கேட்கச் செய்யலாமே என்று தாங்கள் எண்ணக்கூடும். தாராளமாகச் செய்யலாம். மணி அன்று கட்டப்படும். பணிமூப்பும் அன்றுதான் தொடங்கும். அப்போதும் அவரே இளையவர்.

ஆகவே ஆணை. நெடுஞ்சாத்தி தம் இருக்கையிலும் தம் வீட்டிலும் இருப்பார். மழை வருமுன் அவர் கொற்றனுக்கு அதே தேர்வை மீண்டும் வைப்பார். தாங்கள் நீக்கிய ஒன்பதாவது இருக்கை நீங்கியபடியே நிற்குமானால், வெளியேற வேண்டியவர் பெருந்தும்பியார். கல்விக்கூடத்து வீடு இருக்கையோடு சேர்ந்தது என்பதால், அவர் தங்க வேண்டிய இடம் மகளின் வீடு, அதாவது தங்கள் மாளிகை. தாங்கள் அந்த இருக்கையை மீட்டுத் தருவீர்களானால் ஒருவரும் வெளியேற வேண்டியதில்லை. இரண்டுக்கும் ஓலை எழுதி முத்திரையிட்டு இத்துடன் கட்டியிருக்கிறோம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றைத் தூதரிடம் திருப்பித் தருக. எதைத் தேர்வது என்பதில் தேவியாரின் கருத்தும் பயன்படும் என்பதால், இவ்வோலையின் படி ஒன்று அவர் கையில் நேரே சேர்க்கப்பட்டுள்ளது.

தூதர் மறுமொழி பெறாமல் திரும்பமாட்டார். அவசரமில்லை, எனினும் அவர் வந்த வண்டியைத் தாங்கள் வாசலில் சென்று பார்ப்பது நல்லது. விவரத்தைப் பெருந்தும்பியாரிடம் சொன்னபோது, மகளைப் பார்த்து நாளாயிற்று என்று சொல்லித் தாமே பாயோடு ஏறிக்கொண்டார். வழியில் விழித்ததாகத் தெரியவில்லை. வண்டியைத் திருப்புவதா, அவரை இறக்குவதா என்பது தங்கள் ஒரு சொல்லில் இருக்கிறது. எதுவாயினும் மெல்லச் சொல்க.

இது பேரரசர் கேட்டு, சிரித்து, ஏற்றுக்கொண்ட ஆணை. இரட்டை மதகு முத்திரை இட்டோம். நீர் தன் வழியில் செல்க.

கீரந்தேவன் எழுத்து.