வெள்ளைக்கல் பைப்

ஆடி அமாவாசை, இரவு.

இவர் போனபின் முதல் ஆடி அமாவாசை; மதியம் படையல். இவர் தேடித் தேடிச் சேர்த்த பழைய மீர்ஷாம் கல் புகைபிடிக்கும் பைப்புகளில், தினமும் புகைத்ததை வடை பாயசத்தோடு இலையோரம் வைத்தேன். வெள்ளைக்கல், இவர் புகை குடித்துத் தேன்நிறமாகியிருந்தது.

"பத்த வைக்காம வச்சா அண்ணன் எதைக் குடிப்பாரு மதினி?" என்றார் கொழுந்தனார். புகையிலையை அடைத்துத் தீக்குச்சிகளை ஒவ்வொன்றாகக் கிழித்தார். வாய்வைத்து இழுக்காமல் அது பிடிக்கவில்லை.

"நான் இழுக்கவா?" என்றார்.

"எச்சி பட்டா படையலுக்கு ஆகாதுண்ணே," என்று நாத்தனார் தடுத்தாள்.

"இம்புட்டு வருசமா அவரு சாப்பிட்ட இலையிலதான் நான் சாப்பிட்டேன். என் எச்சி அவருக்கு ஆகும்," என்று வாங்கி நானே இழுத்தேன். புகை வந்தாலே பூஜையறைக் கதவைச் சாத்துகிறவள் நான். இருமலில் கண்ணீர் வந்தது. உள்ளே கனல் சிவந்ததும் இலையோரம் வைத்தேன்.

காக்கைக்குச் சோறு வைத்துத் திரும்புவதற்குள் அணைந்திருந்தது.

"அண்ணன் குடிச்சு முடிச்சிட்டாரு," என்றார் கொழுந்தனார்.

எல்லோரும் போய்விட்டார்கள். நாக்கில் அந்தக் கசப்பு இன்னும் இருக்கிறது. இவர் கிட்டே வந்து பேசினால் வருகிற வாசனை. வாய் கொப்பளிக்காமல் சாமி முன்னால் நிற்க முடியாது. கொப்பளிக்க மனம் வரவில்லை.

இன்று ராத்திரிப் பாராயணம் செய்யாமலே படுக்கிறேன்.