பள்ளி கேட்டில் நான் மறித்தவள்

அன்பு மகள் புனிதாவுக்கு,

போனை நீ எடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இன்று காலை பள்ளி கேட்டில் லோஷினியைத் திருப்பி அனுப்பியது நான்தான். கறுப்புச் சப்பாத்து இல்லாமல் சிலிப்பரில் வந்தாள். காவல்காரனின் பேத்தி என்றால் சட்டம் வளையுமா?

"அம்மாவுக்கு ரெண்டு மாசமா சம்பளம் இல்லலா, தாத்தா. கம்மி சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடாதன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள்.

கேட்டைச் சாத்தினேன். அவள் மூலை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேருவில் உன் தொழிற்சாலையில் மற்றவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கிவிட்டார்களாம். என் பேச்சைக் கேட்டவள் நீ ஒருத்திதான். சொன்னது தப்பு என்று இப்போதும் எழுத மாட்டேன். நீயும் போடாதே.

மதியம் சப்பாத்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அளவு கேட்டார், எனக்குத் தெரியவில்லை. இந்தத் தாளின் பின்பக்கத்தில் லோஷினியின் காலை வைத்து, சுற்றி வரைந்து அனுப்பு.

அப்பா