சீச்சாக்கோவுக்கு ஒரு குளிர்காலம்

டாசன், செப்டம்பர் கடைசி

அன்பு மகள் ரோனாவுக்கு,

அப்பா சுகம், முட்டிவலியும் என்னோடு சுகமாகவே இருக்கிறது, அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தி நெல்லியும் எப்படியிருக்கிறீர்கள்? டொராண்டோவில் உங்களோடு இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்ததிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது. காலையில் எழுந்ததும் நெல்லி ஒளித்துவைத்திருப்பாள் என்று செருப்பைத் தேடுகிறேன், அது வைத்த இடத்திலேயே இருக்கிறது, எரிச்சலாக வருகிறது. அம்மாவும் கண்ணை மூடிவிட்டாள், வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள் என்று விமான நிலையத்தில் நீ அழுதது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. பதில் சொல்லாமல் வந்துவிட்டேன் என்று கோபப்படாதே. உங்கள் ஊரை நினைத்தால் எனக்குப் பயம், அதுதான் உண்மை.

அங்கே சுரங்க ரயில் வாசலில் சுழல் கம்பியில் கோட்டு மாட்டி நான் முழித்ததைப் பக்கத்து வீட்டு ஆல்பியிடம் சொல்லித் தொலைத்தேன். "நாப்பது வருசமா வர்றவன் போறவனையெல்லாம் சீச்சாக்கோன்னு கிண்டல் பண்ணினியே, இப்ப நீயே சீச்சாக்கோ ஆயிட்டியாப்பா" என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறான். நான் அங்கிருந்தபோது நெல்லி அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டாளே, சொல்லிவிடு. மேற்குக் கடற்கரைப் பழங்குடிகளும் வியாபாரிகளும் ஒருவருக்கொருவர் புரியவேண்டும் என்று கலந்து பேசிய மொழியில் சீ என்றால் புதிது, சாக்கோ என்றால் வருவது. புதிதாய் வந்தவன், அவ்வளவுதான், அதில் வசவே இல்லை. தங்கம் தோண்ட வந்த கூட்டம்தான் அதைக் கேலியாக்கியது. இந்த வடகோடியில் ஆறு உறைவதையும் வசந்தத்தில் பனி உடைந்து போவதையும் இருந்து பார்த்தால்தான் அந்தப் பெயர் போகும்.

உன் அம்மாவுக்கு அந்தப் பெயரே ஆகாது. வந்த புதிதில் துணியைத் துவைத்து வெளியே போட்டாள், என் கால்சட்டை பலகையாய் விறைத்து நின்றதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. "உங்க ஊரும் வேணாம், நீங்களும் வேணாம்" என்று பெட்டியைக் கட்டிவிட்டாள். அதற்குள் கடைசிப் படகு போய்விட்டது, ஆறும் உறைந்துவிட்டது. குளிர்காலம் முழுக்கப் பெட்டி கட்டிலடியில் கட்டியபடியே கிடந்தது, நானும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மே மாதம் பனி இடி மாதிரி உடைந்தது, ஊரோடு அவளும் கரைக்கு ஓடினாள். பிறகு முதல் படகு வந்து, நின்று, கிளம்பியும் போனது. அவள் கரையில் நின்று கையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தாள்.

அவள் எனக்குக் கொடுத்ததை நான் உனக்குக் கொடுக்கிறேன் ரோனா, ஒரு குளிர்காலம். வீட்டை விற்கவில்லை, சாவி ஆல்பியிடம் இருக்கும். அக்டோபரில் வருகிறேன். மே மாதம் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது, நீயும் கேட்காதே. உன்னைப் பார்க்காமல் இன்னொரு குளிர்காலத்தை மட்டும் என்னால் தள்ள முடியாது கண்ணு.

நெல்லிக்கு முத்தம், மாப்பிள்ளைக்கு என் அன்பு. மூவரும் நோய்நொடியில்லாமல் நன்றாயிருக்க ஆண்டவன் காக்கட்டும். ஒன்று மறந்துவிடாதே, எனக்காக அலமாரியைக் காலி செய்து வைக்காதே. இப்போதைக்குப் பெட்டியிலிருந்தே எடுத்து உடுத்திக்கொள்கிறேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா