முகத்துவாரம் அடைபட்ட பின்னும் வரும் மீன்கள்

அனுப்புநர்:
மீனுக்குப் பட்டை கட்டும் தற்காலிக ஊழியரின் மனைவி,
கடைசி வீடு, காயல் கரை.

பெறுநர்:
மீன்வள ஆய்வு அலுவலர் அவர்கள்,
காயல் பிரிவு.

பொருள்: பட்டை எண் 401 முதல் 500 வரை, என் கணவரின் கோப்பை மூடாதிருக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. காயல் மீன்களில் எது கடலிலிருந்து வந்தது, எது ஆற்றிலிருந்து இறங்கியது, எங்கெல்லாம் பரவுகிறது என்றறிய, மீனின் முதுகில் எண் பட்டை கட்டி விடுவது என் கணவரின் வேலை. பட்டையின் பின்புறம் தேதியையும் மீனின் நீளத்தையும் ஊசியால் கீறுவார். வலப்பக்கம் கட்ட வேண்டும் என்பது விதி. அவர் இடக்கைக்காரர், இடப்பக்கமே கட்டுவார். அதற்காகத் தாங்கள் அனுப்பிய மூன்று குறிப்பாணைகளும் வீட்டில் பத்திரமாக உள்ளன.

2. சென்ற மாதம் மூன்றாம் தேதி காலை, நூறு புதுப் பட்டைகளுடன் கடலுக்குப் போனார். கடலில் படகு மட்டும் கவிழ்ந்து கிடந்தது. ஆறாம் தேதி மணல் ஏறி முகத்துவாரம் அடைபட்டது. இனிக் கடல்மீன் உள்ளே வர வழியில்லை என்று தங்கள் அறிவிப்புப் பலகையே சொல்கிறது.

3. நான் மீன் தரம் பிரிக்கும் கூடத்தில் வேலை செய்கிறேன். ஒன்பதாம் தேதி, காயலில் பிடித்த மீன் கூடையில் கடல்மீனான வஞ்சிரம் ஒன்று இருந்தது. பட்டை 401, இடப்பக்கம். பட்டையின் பின்புறம் எட்டாம் தேதி என்று கீறியிருந்தது. நீளத்தை அளந்தேன், இம்மியும் பிசகவில்லை. அடுத்தடுத்த எண்கள் மணல்மேட்டருகே கிடைத்தன, பிறகு பாலத்தடியில், இப்போது எங்கள் பின்வாசல் படித்துறையில்.

4. அந்தப் பட்டைகளைத் தங்கள் எழுத்தரிடம் கொடுத்தேன். "மீனுக்குப் பூர்வீகம் கண்டுபிடிக்கிறதே பெரும்பாடு, இதுல இது வேறயாம்மா?" என்று சிரித்தார். படிவத்தில் கடல், ஆறு, காயல் என்று மூன்றே கட்டங்கள் இருப்பதால் இவை செல்லாதாம். மறுநாளே, என் கணவரை இறந்தவராகக் கருதிக் கோப்பை முடிக்க என் கையெழுத்தைக் கேட்டுக் கடிதம் வந்தது. கூடவே, இடப்பக்கம் கட்டியதற்கு அவர் பெயருக்கு நான்காவது குறிப்பாணை. இறந்தவரிடம் விளக்கம் கேட்பது எந்த ஊர் நியாயம், ஐயா?

5. "விட்டுடுங்க அண்ணி" என்கிறான் கொழுந்தன். அவர் உயிரோடிருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. இன்று காலை வந்தது 463. பின்னால் இன்றைய தேதி. முடிச்சில் இன்னும் கைச்சூடு இருந்தது. மீதி முப்பத்தேழு பட்டைகள்தான். அவை தீர்ந்தால் அவரிடமிருந்து எனக்கு வேறு சேதி இல்லை. பயமாக இருக்கிறது.

ஆகவே, நான் கையெழுத்திடப் போவதில்லை. 501 முதல் 600 வரையிலான பட்டைகளை என்னிடம் தந்து, படகு கிடந்த இடத்தில் நானே போட்டுவர அனுமதிக்க வேண்டுகிறேன். கூடவே, இடப்பக்கம் கட்டலாம் என்று ஒரு வரி எழுதித் தந்தால், அதையும் சேர்த்துப் போட்டுவிடுவேன். அந்தக் குறிப்பாணைகள் அவர் மனதை மிகவும் உறுத்தின.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ஊழியரின் மனைவி

நாள்: பதினேழாம் தேதி, செவ்வாய்
இடம்: பின்வாசல் படித்துறை