எருக்கஞ்செடிக்குக் கட்டிய தாலி

நம் பொன்னியின் அப்பாவுக்கு, என் ஆசை மனிதருக்கு,

நீங்கள் போய் இருபது நாள் ஆகிறது. ஒரே வீட்டில் இருந்தவருக்கு எதற்குக் கடிதம் என்று இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. இப்போது வேறு வழி இல்லை. நாளைக் காலை உங்கள் அக்கா ஆளும் கடப்பாரையுமாக வருகிறார். ரயில் ஷெட்டுச் சுவருக்குப் பின்னால் நிற்கிறாளே என் சக்களத்தி, அவளை வேரோடு தோண்டப் போகிறார்களாம்.

வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு முன்னால் நீங்கள் கட்டிய இரண்டு பேருமே பிரசவத்தில் போனவர்கள். மூன்றாவதும் தங்காது என்று பயந்து, முதலில் ஓர் எருக்கஞ்செடிக்குத் தாலி கட்ட வைத்தார்கள். கட்டிய கையோடு அதை வெட்டிவிட வேண்டும். மூன்றாவது பெண்டாட்டி செத்ததாகிவிடும்; நான் நான்காவதாக வரலாம். "வெட்டிப் போட்டாச்சு, உனுக்கு இன்னா பயம்?" என்று அக்கா சொன்னதை நம்பித்தான் அண்ணனூருக்கு வாழ வந்தேன்.

எனக்கு ஏழாம் மாதம். பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ பறிக்கப் போனேன். ஷெட்டுச் சுவருக்குப் பின்னால் ஜல்லியும் கரித்தூளும் கொட்டிக் கிடந்த பொட்டல் அது. சொட்டுத் தண்ணீர் கிடையாது, ஆடுகூட வாய் வைக்காது. ஆனாலும் எருக்கஞ்செடிகள் சாம்பல் பூத்த இலைகளோடு இடுப்பளவுக்கு வளர்ந்து நின்றன. ஒரு செடியின் கவட்டையில் வெளுத்துப்போன மஞ்சள் கயிறு. அதில் சுருங்கிய மஞ்சள் கிழங்கு.

நீங்கள் கட்டிய தாலி. இவள் சாகவில்லை என்றால், சாக வேண்டிய மூன்றாவது யார்? வயிற்றில் பிள்ளை உதைத்தது.

வீட்டுக்கு ஓடிக் கொடுவாளை எடுத்து வந்தேன். ஷெட்டில் ஷிப்ட் முடிந்து வந்த நீங்கள் பின்னாலேயே ஓடி வந்தீர்கள்.

"இன்னாடி பண்றே?"

"நீங்க பண்ணாதத. ஏன் வெட்டல?"

"ரெண்டு பேர என் கையால கொளுத்தனேன், பத்மா. இதுக்கும் தாலிய கட்டிட்டு உடனே வெட்டுன்னாங்க. கை வரல."

"அப்ப நான் செத்தா பர்வால்லியா?"

நான் நாலு வெட்டில் சாய்த்தேன். கை முழுக்கப் பால் வழிந்தது. அழுதுகொண்டே கண்ணைத் துடைக்கப் போனவளின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டீர்கள். "கண்ணுல வெக்காதே, பார்வ பூடும்!" குழாயடிக்கு இழுத்துப் போய்த் தோல் சிவக்கும்வரை கழுவிவிட்டீர்கள்.

பத்தே நாளில் கட்டையிலிருந்து துளிர் விட்டுவிட்டாள். உங்களிடம் நான் சொல்லவில்லை. குப்பை லாரி ஏறாமல் இருக்க யாரோ அவளைச் சுற்றி உடைந்த செங்கல் அடுக்கியிருந்தார்கள். யார் என்று நான் கேட்கவும் இல்லை. தினமும் போய் இலைகளை எண்ணிவிட்டு வந்தேன். ஒவ்வொரு இலைக்கும் என் ஆயுசு ஒரு நாள் குறைவது போல இருக்கும்.

இரண்டு நாள் வலிக்குப் பிறகு பொன்னி பிறந்தாள். நான் பிழைத்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நீங்கள் அழுதீர்களே, அந்த அழுகைக்காகத்தான் எல்லாவற்றையும் மன்னித்தேன்.

அப்புறம் சக்களத்தியும் நம் வீட்டு மனுஷியாகிவிட்டாள். நாளெல்லாம் ஷெட்டில் லேத்து மெஷின் முன்னால் நின்று உங்கள் முட்டி வீங்கினால், அவள் இலையில் விளக்கெண்ணெய் தடவி வாட்டிக் கட்டுவேன். "சக்களத்தி வைத்தியம் எப்படிக் கீது?" என்றால் சிரிப்பீர்கள். பொன்னியின் காலில் முள் ஒடிந்தபோது ஒரு சொட்டுப் பால் வைத்துத்தானே எடுத்தோம்? காய் வெடித்துப் பறக்கும் பஞ்சைப் பொறுக்கிப் பொம்மைக்குத் தலையணை தைக்கும் பொன்னிக்கு அவள் பெரியம்மா.

பத்து வருஷம் நன்றாகத்தான் போயிற்று. இந்த மாதம் லேத்து முன்னாலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள்.

"அத்த அன்னிக்கே வேரோட புடுங்கியிருந்தா என் தம்பி இருந்திருப்பான்" என்று அக்கா மார்பில் அடித்துக்கொண்டார். நிஜமா? எனக்கு வந்ததையா நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள்? இத்தனை வருஷம் பிழைத்துவிட்டேன் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேனே, அது உங்கள் உயிரா?

பத்தாம் நாள் என் தாலியை இறக்கினார்கள், பூவை எடுத்தார்கள். மறுநாள் அவளிடம் போனேன். அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்களே. "அவர் பூட்டார்டி" என்றேன். கிளை கொள்ளாமல் பூத்திருந்தாள். பார்த்ததும் பொறாமையாக இருந்தது. பிறகு, ஒருத்தியாவது பூவோடு இருக்கட்டும் என்று தோன்றியது.

நாளைக் காலை பொன்னியோடு போய் அவள் முன்னால் உட்காரப் போகிறேன். அக்கா என்ன கத்தினாலும் எழுந்திருக்க மாட்டேன். அன்றைக்கு உங்களுக்கு வராத கை இனி எனக்கும் வராது. உங்கள் மேல் சத்தியம்.

மூன்றாமவளுக்கும் சேர்த்து,
உங்கள் நான்காவது மனைவி,
பத்மா