அம்மா திருத்திய வரைபடம்

அன்புள்ள அப்பா,

நாளை மறுநாள் பல்கலைக்கழகத்தில் புவியியல் நேர்காணல். அம்மாதான் பேராசிரியர் வேஷம் போட்டு என்னை வறுத்தெடுக்கிறாள்.

நேற்று, "உங்க ஏரியாவோட மேப்பைப் போடுங்க பாக்கலாம்" என்றாள். ஆறு, பாலம், சந்தை எல்லாம் போட்டேன். உங்கள் சைக்கிள் கடையை மட்டும் விட்டுவிட்டேன். நீங்கள் தனியாகப் போனதிலிருந்து உங்கள் பேச்சை எடுத்தாலே அவள் முகம் மாறிவிடுகிறதே!

உற்றுப் பார்த்தாள். "இருக்கிறதை மறைச்சா அது என்னடி மேப்பு?" என்று பென்சிலைப் பிடுங்கி, தபால் நிலையத்துக்குப் பின்னால், பச்சைக் கதவுக்குப் பக்கத்தில் கடையைக் குறித்தாள்.

போன மாதம்தானே கடையை அங்கே மாற்றினீர்கள்? நான் சொல்லவே இல்லை, அப்பா.

நேர்காணலுக்கு அவளும் வருகிறாள். பஸ்ஸுக்கு அந்த வழியாகவே போகலாமாம். அன்று கடையைச் சீக்கிரம் திறந்து வையுங்கள்.

உங்கள் வாயாடி